வாலு இருக்கும் வீட்டுக்கு

ஜனவரி 12

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் உன் அத்தானும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று ஒழுங்காக ஒரு வரியாவது எழுது. போனில் பேசினால் பாதியிலேயே வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது பார், கடைசி வரி வரைக்கும் வந்துதான் ஆகவேண்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் மகள் என் வீட்டில் இருக்கிறாள். பதறாதே, நன்றாகத்தான் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பட்டறையில் உட்கார்ந்து ஒரு பெரியவருடைய பல் செட்டுக்கு மெழுகு வைத்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் வாசலில் வாலுவும் அவள் அம்மாவும் இரண்டு பைகளோடு நிற்கிறார்கள்.

"அண்ணி, ஒரு உதவி வேணும்" என்றாள். "நான் வேலை பாக்கற லாரி எடைமேடையைத் தூக்கி நெடுஞ்சாலைக்குக் கொண்டுபோயிட்டாங்க. தங்கறதுக்கு அங்கயே ஒரு தகர ரூம் குடுத்திருக்காங்க. சுத்தி லாரிதான், பக்கத்துல ஸ்கூல் கிடையாது. வேலையை விட்டா எனக்கு வேற வேலை இல்ல. வாடகை வீட்டைக் காலி பண்ணிட்டேன். இவ பரீட்சை முடியற வரைக்கும்..." என்று இழுத்தாள். நான் மெழுகுக் கத்தியைக் கீழே வைப்பதற்குள் வாலு உள்ளே புகுந்து, அலமாரியில் வரிசையாக இருக்கும் பல் செட்டுகளைப் பார்த்து அதே மாதிரி இளித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். பதினைந்து வயதாகிவிட்டது. நீ வைத்த பெயர் மட்டும் இன்னும் பொருந்துகிறது.

ஒன்று சொல்கிறேன், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. கோர்ட் ஆறு வருஷத்துக்கு முன்னால் உங்கள் இரண்டு பேரைத்தான் பிரித்தது. என்னை யாரும் பிரிக்கவில்லை. அவள் இன்றைக்கும் என்னை அண்ணி என்றுதான் கூப்பிடுகிறாள், நானும் ஏன் என்று கேட்டதில்லை. ஆனாலும் பெற்ற பிள்ளையைக் கொண்டுவந்து விட அவள் தேடி வந்தது தன் அண்ணன் வீட்டை அல்ல, புருஷனாக இருந்தவனின் அக்கா வீட்டை. வாலுவுக்கு இந்த வீடு பிடிக்கும், பள்ளிக்கூடமும் நடக்கிற தூரம். அதற்காகத் தன் ரோஷத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். அவள் இடத்தில் நான் இருந்தால் வந்திருப்பேனா என்றால், வந்திருக்க மாட்டேன்.

கிரேன் உச்சியில் நாள் முழுக்க உட்கார்ந்தே கிடக்கிறாய், இடுப்பைப் பார்த்துக்கொள். வாலு உனக்கு ஒரு முத்தம் கொடுக்கச் சொன்னாள். கடிதத்தில் எப்படிக் கொடுப்பது என்று தெரியவில்லை, அதனால் எழுதிவிட்டேன்.

உன் அக்கா


ஜனவரி 27

அக்காவுக்கு,

தம்பி வணக்கம். அத்தானை விசாரித்ததாகச் சொல். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. சாயங்காலமானால் கெண்டைக்கால் மட்டும் கல் மாதிரி ஆகிவிடுகிறது. மற்றபடி சுகம்.

வாலு உன்னிடம் இருப்பது எனக்கு நிம்மதிதான். காலையில் எழுப்பியவுடன் அவளிடம் பேச்சுக் கொடுக்காதே, கடித்து வைத்துவிடுவாள். முகம் கழுவிவிட்டு வந்தால் சரியாகிவிடுவாள். சின்ன வயதில் அப்படித்தான் இருந்தாள், இப்போது எப்படியோ.

எனக்குப் புரியாதது ஒன்றுதான். கோர்ட் உத்தரவுப்படி மாதம் பிறந்தால் அவள் அம்மா பெயருக்கு நான் பணம் அனுப்புகிறேன். எதற்கு? பிள்ளை அவளோடு இருக்கிறது, வீட்டு வாடகை, சாப்பாடு, பள்ளிக்கூடம் எல்லாம் அவள் பார்க்கிறாள் என்பதற்கு. இப்போது பிள்ளை உன் வீட்டில். வாடகை வீடும் இல்லை. அப்புறம் நான் யாருக்கு அனுப்புகிறேன், அந்தத் தகர ரூமுக்கா? உனக்கு அனுப்பினால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது.

அனுப்பாமல் இருந்துவிடுவேன் என்று நினைக்காதே. உத்தரவு உத்தரவுதான், இந்த மாதமும் அனுப்பிவிட்டேன். மனுப் போட்டு மாற்றலாமே என்று நீ கேட்பாய். போட மாட்டேன். மனுப் போட்டால் வாலுவைக் கூப்பிட்டு, யாரோடு இருக்கப் பிரியம் என்று கேட்பார்கள். ஒரு தடவை கேட்டது போதும். அதற்கு நான் சும்மாவே பணம் கட்டிவிட்டுப் போகிறேன்.

வாலுவுக்கு என் முத்தம். நீயே கொடுத்துவிடு.

தம்பி


பிப்ரவரி 10

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். அத்தானுக்கு மட்டும் சளி. அதையும் அவர் வாய் திறந்து சொல்லவில்லை, தும்மித்தான் தெரிந்தது. உன் காலுக்கு வெந்நீரில் கல்லுப்புப் போட்டு முழங்கால் வரைக்கும் ஊறவை. சோம்பல்படாதே.

நீ சொன்னது நிஜம். காலையில் வாலுவிடம் பேசக்கூடாது. எனக்கு நீ முன்னாலேயே எழுதியதால் தப்பித்தேன், உன் அத்தான் மாட்டிக்கொண்டார்.

நீ யாருக்குப் பணம் அனுப்புகிறாய் என்று கேட்டாய் அல்லவா? சொல்கிறேன் கேள். அவள் ஞாயிறுதோறும் இரண்டு பஸ் மாறி வருகிறாள். வந்ததும் உட்காருவதில்லை. வாலுவின் சட்டைகளில் பொத்தான் போனது, காலணியில் தையல் விட்டது என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் ஒரு வாய் டீ குடிப்பாள். போன வாரம் நீ அனுப்பிய பணத்தை அப்படியே, ஒரு தாளைக்கூட எடுக்காமல், என் கையில் நீட்டினாள்.

"எதுக்கும்மா? எங்க வீட்டுப் பிள்ளைக்குச் சாப்பாடு போட்டு நான் காசு வாங்குவனா?" என்றேன்.

"சாப்பாட்டுக்கு வாங்க வேணாம் அண்ணி. அவளுக்குச் செருப்பு வாங்கணும், புத்தகம் வாங்கணும், பல்லு வலின்னா டாக்டர்கிட்ட போகணும்..."

"பல்லு வலிக்கு என்கிட்டயே டாக்டர் செலவா?"

"சரி, பல்லைத் தள்ளிடுங்க. மத்ததுக்கெல்லாம் அப்பா இருக்காரு, அம்மா நான் இருக்கேன். இது வாலுவுக்குன்னு வர்ற பணம். வாலு இல்லாத இடத்துல இது தங்கக்கூடாது" என்று சொல்லி, நான் வாங்காததால் பட்டறையில் பல் அச்செடுக்கிற மாவு டப்பாவுக்கு அடியில் செருகிவிட்டுப் போய்விட்டாள்.

லாரிக்காரன் ஒரு சக்கரத்தை மேடைக்கு வெளியே வைத்துக்கொண்டு எடையைக் குறைத்துக் காட்டப் பார்த்தால் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவாளாம். வாலு சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அப்படிப்பட்டவள் தன் விஷயத்தில் மட்டும் சக்கரத்தை வெளியே வைப்பாளா? நீயே யோசி.

உன் அக்கா


மார்ச் 3

அக்காவுக்கு,

வணக்கம். சுகமாக இருக்கிறேன். கால் அப்படியேதான் இருக்கிறது. உப்பு வாங்கினேன்.

நீ அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறாயே, இதைக் கேள். நேற்று தபால்காரர் கோர்ட்டிலிருந்து ஒரு கவர் கொண்டுவந்தார். மனுதாரர் பெயர் யாருடையது என்று பார்த்தேன். அவள்தான். மனுப் போட்டிருக்கிறாள். மாவு டப்பாவுக்கு அடியில் பணம் வைத்த கதையெல்லாம் இதற்குத்தானா? தனி ரூம், தனிச் செலவு, பஸ் செலவு, ஆகவே தொகையைக் கூட்டு என்று கேட்டிருப்பாள். வேறு எதற்குக் கோர்ட்டுக்குப் போவார்கள்?

பணம் போனால் போகட்டும். வாலுவை மறுபடியும் அந்த வாசலுக்கு இழுக்கிறாளே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நான் எதற்குப் பல்லைக் கடித்துக்கொண்டு மாதாமாதம் கட்டுகிறேன்?

கவரை நான் வாங்கவில்லை. "வாங்க மறுத்துட்டாருன்னு எழுதிக்குங்க" என்று சொல்லிவிட்டேன். தபால்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பார்க்கட்டும்.

தம்பி


மார்ச் 9

தம்பிக்கு,

நாங்கள் நலம். உன் நலத்தை இந்தத் தடவை நான் கேட்கப்போவதில்லை, அவ்வளவு கோபத்தில் இருக்கிறேன்.

வந்த கவரை வாங்கிப் படிப்பதற்கு என்னடா? திறந்தால் கடிக்குமா? உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலே நீயே ஒரு மனு எழுதி, அதை நீயே படித்து, நீயே கோபித்துக்கொண்டிருக்கிறாய். நீ வாங்கவில்லை என்றால் கோர்ட் சும்மா இருந்துவிடுமா? நம் தெருமுனை வக்கீலின் குமாஸ்தாவைக் கேட்டேன். அப்பா பதிலே சொல்லவில்லை என்றால், பிள்ளை எங்கே இருக்கிறது, எப்படி இருக்கிறது என்று பிள்ளையைக் கூப்பிட்டே கேட்டுவிடுவார்கள் என்கிறார். எதற்குப் பயந்தாயோ அதை நீயே கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு வருகிறாய்.

வாலுவுக்குத் தெரியக்கூடாது என்று நினைத்தேன், முடியவில்லை. உன் கடிதத்தைப் படித்தபோது என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுக் கேட்டாள், "அத்தை, ஜட்ஜ் மறுபடியும் என்னைத் தனியா கூப்பிடுவாங்களா?" நான் இல்லை என்றேன். "போன தடவையும் இல்லைன்னுதான் சொன்னாங்க" என்றாள்.

உனக்கு நினைவிருக்கும். அன்றைக்கு நீதிபதியின் அறையிலிருந்து வெளியே வந்தபோது அவள் உன் கையையும் பிடிக்கவில்லை, அவள் அம்மா கையையும் பிடிக்கவில்லை. யாரென்றே தெரியாத அந்தக் கோர்ட் குமாஸ்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். எனக்கு அதை மறக்க முடியவில்லை, உனக்கும் முடியாது என்று தெரியும்.

மனுவில் என்ன இருக்கிறது என்று கேட்டு அவளுக்கு எழுதியிருக்கிறேன். நேரில் கேட்டால் வாலு காது கொடுத்துக்கொண்டிருப்பாள்.

உன் அக்கா


மார்ச் 17

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். நான் நலமாக இருக்கிறேன். உங்கள் வீட்டில் அண்ணனுக்குச் சளி விட்டதா? வாலுவுக்கு இருமல் இருந்ததே, இப்போது தேவலையா? புழுதி இங்கே அதிகம், அங்கே அவளுக்கு அது இல்லை என்பதே பெரிய ஆறுதல்.

நீங்கள் கேட்டதற்குப் பதில். மனுவில் நான் கேட்டிருப்பது மூன்று. முதலாவது, வாலுவுக்காக அவள் அப்பா கட்டும் பணம் இனி என் பெயருக்கு வர வேண்டாம், அவள் இருக்கும் உங்கள் வீட்டுக்கு வரட்டும். அடுத்தது, அவள் செலவை இனி அவரும் நானும் பாதிப் பாதியாக ஏற்றுக்கொள்ள வேண்டும், ஆகவே அவர் கட்டும் தொகையைக் குறைக்க வேண்டும். மீதிப் பாதியை நான் உங்களுக்குக் கட்டுகிறேன். கடைசியாக, வாலு மறுபடி என்னோடு வரும்வரைதான் இந்த ஏற்பாடு.

உங்களிடம் முன்கூட்டியே சொல்லாததற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் சொல்லிக்கொடுத்துத்தான் நான் செய்தேன் என்று அவர் நினைத்துவிடக்கூடாது. வாலுவைக் கூப்பிடுவார்களா என்றுதான் நானும் வக்கீலிடம் முதலில் கேட்டேன். இருவரும் சம்மதம் என்று எழுதிக் கொடுத்தால் பிள்ளையைக் கூப்பிட வேண்டியதில்லை என்றார். அதை நம்பித்தான் போட்டேன். அவர் கவரையே வாங்க மாட்டார் என்று எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டும், தெரிந்த ஆள்தானே.

ஏன் பாதி என்று கேட்பீர்கள். தயவுசெய்து கேட்காதீர்கள் அண்ணி. சரி என்று எனக்குப் பட்டது, செய்தேன். இரண்டாவது தடவையும் கவர் போகும். வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். வாலுவின் நீலச் சட்டையைத் துவைக்காமல் வையுங்கள், கறை எடுக்க ஒரு மருந்து கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
வாலுவின் அம்மா


மார்ச் 19

தம்பிக்கு,

எல்லோரும் நலம். நீயும் நலமாக இரு, ஏனென்றால் இதைப் படித்தால் உனக்கு வெட்கத்தில் காய்ச்சல் வரும்.

அவள் எழுதிய கடிதத்தை அப்படியே இதோடு வைத்திருக்கிறேன். படித்துவிட்டுத் திருப்பி அனுப்பு, எனக்கு வேண்டும்.

தொகையைக் கூட்டச் சொல்லிக் கேட்டிருப்பாள் என்றாய். தனக்கு வருவதைத் தானே நிறுத்தச் சொல்லி, உன் பங்கைக் குறைக்கச் சொல்லி, தன் சம்பளத்திலிருந்து பாதியைப் போடுகிறேன் என்று கோர்ட்டுக்குப் போன மனுஷியை நான் இதுவரைக்கும் பார்த்ததில்லை. பல் செட் வாங்கிக்கொண்டு போய்ப் பாதிப் பணம் தராதவர்களையே பார்த்துப் பழகிய எனக்கு, கடிதத்தைப் படித்ததும் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. உன் அத்தானிடம் படித்துக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "நல்ல பொண்ணு" என்றார். இந்த வருஷத்தில் அவர் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான்.

இரண்டாவது கவர் வரும். தபால்காரரிடம் மன்னிப்புக் கேட்டு வாங்கிக்கொள்.

உன் அக்கா


ஏப்ரல் 20

அக்காவுக்கு,

வணக்கம். உடனே பதில் எழுதாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. அத்தானும் வாலுவும் சுகம்தானே? பரீட்சை எப்படி எழுதினாளாம்? எனக்குக் கால்வலி கொஞ்சம் பரவாயில்லை, பூட்ஸ் மாற்றிவிட்டேன்.

எழுத உட்காருவேன், பிறகு எடுத்து வைத்துவிடுவேன். அவள் கடிதத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன், பத்திரமாக வை.

கவரை வாங்கிவிட்டேன். தபால்காரர் ஒன்றும் கேட்கவில்லை, பேனாவை மட்டும் நீட்டினார். சம்மதம் எழுதி, கையெழுத்துப் போட்டுக் கோர்ட்டுக்கு அனுப்பியாகிவிட்டது. பணம் உன் வீட்டுக்கு வருவதில் எனக்குப் பூரணச் சம்மதம். ஆனால் பாதி என்பதற்குச் சம்மதமில்லை என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். முன்பு எவ்வளவு கட்டினேனோ அவ்வளவையும் கட்டுகிறேன். தகர ரூமில் கிடந்துகொண்டு அவள் பாதியைக் கட்டவேண்டிய அவசியம் என்ன? நான் என்ன கட்ட முடியாதவனா?

விசாரணை அன்றைக்கு என்னால் வர முடியாது, லீவு கொடுக்க மாட்டார்கள். நீ போ. வாலுவை உள்ளே கூப்பிடாமல் பார்த்துக்கொள். உன்னைத்தான் நம்பியிருக்கிறேன்.

தம்பி


மே 8

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் மூவரும் சுகம். வாலு நன்றாக எழுதியிருக்கிறாளாம், கணக்கைப் பற்றி மட்டும் கேட்கக்கூடாதாம். உன் சுகத்தைப் பற்றிக் கடைசியில் பேசுகிறேன், அதற்குத் தனியாக இருக்கிறது.

வழக்கு நேற்று முடிந்தது. நீ சேர்த்த அந்த ஒரு வரியால் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. அம்மா ஒன்று சொல்கிறாள், அப்பா ஒன்று சொல்கிறார், கருத்து வேறுபாடு இருக்கிறது, பிள்ளையை வெளியே வைத்திருங்கள், தேவைப்பட்டால் கூப்பிடுவோம் என்று சொல்லிவிட்டார்கள். வாலுவை வராந்தா பெஞ்சில் உன் அத்தானோடு உட்கார வைத்துவிட்டு நான் உள்ளே போனேன். அவள் முகம் வெளுத்துப்போயிருந்தது. கையில் பிஸ்கட் பொட்டலம் பிரிக்காமல் அப்படியே இருந்தது.

நீதிபதி இரண்டு தாள்களையும் மாற்றி மாற்றிப் படித்தார். பிறகு மூக்குக் கண்ணாடிக்கு மேலாக எங்களைப் பார்த்தார்.

"வாங்கறவங்க குறைக்கச் சொல்றாங்க, குடுக்கறவரு குறைக்காதீங்கன்னு எழுதியிருக்காரு. இதுல நான் யாருக்காகத் தீர்ப்புச் சொல்றது?" என்றார். எழுதிக்கொண்டிருந்த குமாஸ்தா வாயைப் பொத்திக்கொண்டார்.

பிறகு வாலுவின் அம்மாவிடம் கேட்டார், "அம்மா, பணம் பிள்ளை இருக்கிற வீட்டுக்குப் போகட்டும்னு கேக்கறது புரியுது. தொகையை ஏன் குறைக்கச் சொல்றீங்க? அவரு கிரேன் ஆபரேட்டர். உங்களைவிடச் சம்பளம் அதிகம் இல்லையா?"

மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு மெல்லச் சொன்னாள், "இருந்துச்சுங்க."

நீதிபதி அதற்கு மேல் கேட்கவில்லை. எனக்குத்தான் தூக்கிவாரிப் போட்டது. பாதிப் பாதி, அம்மாவும் அப்பாவும் தலைக்குப் பாதி அத்தை வீட்டுக்கு, பிள்ளை அம்மாவோடு திரும்பினால் மறுபடி மனுப் போட்டு மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லி முடித்துவிட்டார். வாலுவைக் கூப்பிடவில்லை. வெளியே வந்து "முடிஞ்சுது, உன்னைக் கேக்கல" என்றேன். அவள் பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்து எல்லோருக்கும் ஒன்று கொடுத்தாள். அம்மாவுக்கு இரண்டு.

எதிர்த்த டீக்கடையில் வைத்து அவள் அம்மாவைப் பிடித்துக்கொண்டேன். சொல்லாமல் விடமாட்டேன் என்றேன்.

"அவரு வேலை பாக்கற துறைமுகத்துலேர்ந்து சரக்கு ஏத்திக்கிட்டு வர்ற டிரைவருங்க எல்லாம் என் மேடைலதானே அண்ணி ஏறி இறங்கணும். அவங்க பேசிக்குவாங்க. போன மழைக்காலத்துலயே கண் பரிசோதனைல அவரை கிரேன்லேர்ந்து இறக்கிட்டாங்களாம். இப்ப கீழ நின்னு கொக்கி மாட்டுறாராம். சம்பளம் பாதிகூட இல்லையாம். அப்பவும் ஒரு மாசம் பணம் நிக்கல அண்ணி, குறையவும் இல்ல. எனக்கு அந்தப் பணத்தைத் தொடவே மனசு வரல. கேட்டா ஒத்துக்க மாட்டாரு. தானா வந்து குறைங்கன்னு கேக்கவும் மாட்டாரு. வாலு உங்க வீட்டுக்கு வந்தது எனக்கு ஒரு சாக்கா கிடைச்சுது. இடம் மாறினதைச் சொல்லி எல்லாத்தையும் மாத்திடலாம்னு பாத்தேன். அவருக்குத் தெரியாமலே முடிஞ்சிடும்னு நினைச்சேன்."

அதாவது தம்பி, நீ இறங்கிவிட்டாய் என்று அவளுக்குத் தெரியும் என்பதுகூட உனக்குத் தெரியக்கூடாது என்று பார்த்திருக்கிறாள். சொல்லாதீங்க அண்ணி என்று கையைப் பிடித்துக்கொண்டாள். நான் சத்தியம் எதுவும் செய்யவில்லை, அதனால் சொல்கிறேன்.

கால் வலி, கால் வலி என்று நீ எழுத எழுத, நானும் உப்புப் போடு, வெந்நீர் ஊற்று என்று எழுதிக்கொண்டிருந்தேனே. உட்கார்ந்து வேலை பார்க்கிறவனுக்கு எதற்கடா கெண்டைக்கால் வலிக்கிறது என்று எனக்கு ஒரு தடவையாவது தோன்றியதா? கூடப் பிறந்தவள் நான். நாலு மாதமாக உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு எனக்குப் புரியாதது, உன்னை விட்டுப் போனவளுக்கு லாரிக்காரன் வாயிலிருந்து ஒரு வார்த்தை கேட்டதும் புரிந்திருக்கிறது.

கோபம் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. அதைவிட அதிகமாக, உங்கள் இரண்டு பேரையும் நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது. பாதிச் சம்பளத்தில் முழுப்பணம் கட்டியவன் என் தம்பி. அதைத் தெரிந்துகொண்டு, உன் மானத்துக்கு ஒரு கீறல் இல்லாமல் உன் பாரத்தை இறக்கியவள் வாலுவின் அம்மா. நீங்கள் ஏன் பிரிந்தீர்கள் என்று இனிமேல் யாராவது கேட்டால் எனக்குப் பதில் சொல்லத் தெரியாது.

கண்ணுக்கு என்ன, டாக்டர் என்ன சொன்னார் என்று உடனே எழுது. எனக்கு எழுதிவிட்டு அவளுக்கும் இரண்டு வரி எழுது. விலாசம் கீழே இருக்கிறது. ஜூன் முடிவில் எடைமேடையிலிருந்து பஸ் போகிற ஒரு ஊரில், பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் அவளுக்கு வீடு கிடைக்கும்போல் இருக்கிறது. கிடைத்தால் வாலு அங்கே போய்விடுவாள். எனக்கு இப்போதே வீடு காலியாகிவிட்ட மாதிரி இருக்கிறது, ஆனால் அம்மாவோடு இருப்பதுதான் அவளுக்கு ஆசை.

உன் அக்கா


மே 27

வாலுவின் அம்மாவுக்கு,

நலமாக இருக்கிறாயா? இதை உன்னிடம் கேட்டு எத்தனையோ காலமாகிறது. நான் நலம். இந்தத் தடவை உண்மையாகவே எழுதுகிறேன்: கண்ணில் தூரம் சரியாகப் பிடிபடவில்லை. அருகில் இருப்பதெல்லாம் நன்றாகத் தெரிகிறது. கிரேனில் இனி ஏற முடியாது. டாக்டர் பயப்பட ஒன்றுமில்லை என்கிறார். கீழே நின்று கொக்கி மாட்டுகிறேன். முதலில் கஷ்டமாக இருந்தது, இப்போது பழகிவிட்டது. மேலே இருக்கும் பையனுக்கு நான் கையைக் காட்டினால்தான் அவன் தூக்க முடியும், அதனால் மரியாதைக்கு ஒன்றும் குறைவில்லை.

அக்கா எல்லாவற்றையும் எழுதிவிட்டாள். நீ சொல்லாதே என்றதையும் எழுதிவிட்டாள். அவள் வாயில் எது நின்றது.

உன் முதல் கவரை நான் திருப்பி அனுப்பினேன். உள்ளே என்ன என்று பார்க்காமலே உன்னைப் பற்றி அக்காவுக்குத் தாறுமாறாக எழுதினேன். அதற்கு மன்னித்துக்கொள். உன் கடிதத்தைப் படித்த பிறகும் எனக்கு ரோஷம்தான் வந்தது, அதனால்தான் அந்த ஒரு வரியைச் சேர்த்தேன். ஏன் பாதி என்று எனக்கு அப்போது புரியவில்லை. இப்போது புரிகிறது.

நமக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்னால் ஒரு நாள், நான் ஏற்றி அனுப்பிய லாரியை உன் மேடையிலிருந்து திருப்பி அனுப்பினாய், ஞாபகம் இருக்கிறதா? அளவுக்கு மேல் பாரம், இறக்கிவிட்டு வா என்றாய். நான் அவ்வளவு உயரத்திலிருந்து இறங்கி வந்து உன்னிடம் கத்தினேன். நீ பதிலுக்குக் கத்தவில்லை. "இவ்வளவு பாரத்தோட போனா வண்டி வழியிலயே உக்காந்துடும், உங்களுக்குத்தான் நஷ்டம்" என்று சொன்னாய். அன்றைக்குச் சாயங்காலம் ரூமில் எல்லோரிடமும் உன்னைத் திட்டினேன். திட்டி முடித்ததும் எனக்கே தெரிந்தது, எனக்கு உன்மேல் கோபம் இல்லை என்று. இப்போதும் அதே மாதிரிதான் இருக்கிறது. நீ பெரிய மனுஷி. இதை உன் முகத்துக்கு நேராக ஒரு நாளும் சொன்னதில்லை, எழுதியாவது வைக்கிறேன்.

பாதிக்குச் சம்மதம். இந்த மாதம் உன் பாதியும் என் பாதியும் ஒரே நாளில் வந்து சேர்ந்ததாக அக்கா சொன்னாள். இரண்டையும் ஒன்றாக வைத்து வாலுவுக்குக் காட்டினாளாம். வாலு உடனே ஒரு சைக்கிள் கேட்டாளாம். எனக்கும் எழுதியிருக்கிறாள். வாங்கிக்கொடுக்கலாமா என்று நீ சொல்.

வீடு கிடைத்தால் வாலு உன்னிடம் வந்துவிடுவாள் என்று கேள்விப்பட்டேன். சந்தோஷம். அவள் உன் வீட்டுக்கு வந்த கையோடு, கோர்ட்டிலிருந்து ஒரு கவர் உன் விலாசத்துக்கு வரும். பயப்படாதே, திருப்பி அனுப்பிவிடாதே. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள். என் பாதி இனி வாலு இருக்கும் வீட்டுக்கே வரட்டும் என்று கேட்டு நான் போட்ட மனுதான்.

இப்படிக்கு,
வாலுவின் அப்பா